யாழ் நரம்பில் ஒரு மாத்திரை

தேவாரத் திருப்பதிகங்கள் பண்ணோடு கூடியன என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. தலமுறை அடைவு பின்னர் வந்தது. பண்முறை அடைவே முன்னையது என்பர் ஆராய்ச்சியாளர். ஆதலின், ஒரு பதிகத்தை அதற்குரிய பண்ணிற் பாடுதல் வெறும் அலங்காரமன்று. நூலின் அமைப்போடு ஒட்டிய கடமையேயாம். பண்ணாவது நரம்புகளின் நிரலும் அவற்றின் அளவும் பற்றி நிற்பது. அளவு பிழைப்பின் பண்ணும் பிழைபடும். அவ்வளவைத் தமிழ் முன்னோர் எவ்வாறு வகுத்தனர், யாழில் அஃது எங்ஙனம் நின்றது, யாழ் வழக்கு ஒழிந்தபின் அதுபற்றி அறிஞரிடை எழுந்த வழக்கு யாது, கட்டைகளையுடைய ஆர்மோனியம் வந்தபின் அவ்வழக்கு எங்ஙனம் முற்றியது என்பன ஈண்டு முறையே ஆராயப்படும்.

பண்டை யாழ்கள் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என நால்வகையின. இவை முறையே 21, 19, 14, 7 நரம்புகளை உடையன என்று சிலப்பதிகார உரை வகுத்துரைக்கும். இந்நரம்புகள் எத்துணையாயினும் அவற்றுட் பிறக்கும் இசை ஏழே. அவை குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. இவற்றுக்கு மாத்திரை வகுத்த பழைய வெண்பா ஒன்று உரையிற் காட்டப்படுகின்றது. அதன்படி குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. ஆக மாத்திரை 22 ஆம்.

இனி, இவ்வேழும் ஒன்றினின்று ஒன்று பிறக்கும் முறையும் அவ்வுரையிலேயே கூறப்பட்டுள்ளது. தாரத்தில் உழை தோன்றும். உழையிற் குரல் தோன்றும். குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியிற் கைக்கிளையும் தோன்றும். இம்முறையில் அடுத்தடுத்து வருவது ஐந்தாம் நரம்பாதலைக் காண்க. குரலிலிருந்து எண்ணின் இளி ஐந்தாவது. இளியிலிருந்து எண்ணின் மேல்வரும் துத்தம் ஐந்தாவது. யாழ் நரம்பைச் சுருதி கூட்டுவோன் முதலிற் செவியால் தெளிவது இவ்வைந்தாம் நரம்பின் பொருத்தமேயாகலின், இது கைத்தொழில் அறிந்தார் கண்ட முறை என்பது விளங்கும். ஒரு நரம்பின் நீளத்தை மூன்று கூறாக்கி, இரண்டு கூற்றை மீட்டினால் அவ்வைந்தாம் இசை எழும். அதிர்வுக் கணக்கிற் கூறின், 2-க்கு 3 என்பதே அதன் விகிதம்.

இங்கே கூர்ந்து நோக்கற்பாலது ஒன்று உண்டு. ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய மாத்திரைகளின் முடிவில் நிற்கும் எனக் கொண்டு, மேற்கூறிய பிறப்புமுறையை மாத்திரைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க. தாரத்திலிருந்து உழைவரை குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, ஆகப் 13. உழையிலிருந்து குரல்வரை 13. குரலிலிருந்து இளிவரை 13. இளியிலிருந்து துத்தம்வரை 13. ஆயின் துத்தத்திலிருந்து விளரிவரை எண்ணுங்கால் கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3. ஆகப் 12 மாத்திரையே வருகின்றது. பின்னர் விளரியிலிருந்து கைக்கிளைவரை மறுபடியும் 13 ஆகின்றது. ஆகவே ஆறு படிகளுள் ஐந்து ஒத்து நிற்ப, ஒன்று மட்டும் ஒரு மாத்திரை குறைகின்றது. விளரி தாழ்ந்ததனால், அதினின்று பிறக்கும் கைக்கிளையும் உடன் தாழ்கின்றது.

அற்றேல், முன்னோர் கணக்கிற் பிழைத்தனர் போலும் எனின், அற்றன்று. அக்குறைவே அவர்தம் செவியின் நுண்மைக்குச் சான்றாம். இதனை எண்களால் தெளிக. குரல் ஒரு விநாடிக்கு 240 அதிர்வு உடையதெனக் கொள்க. நான்கு மாத்திரையை 8-க்கு 9 ஆகவும், மூன்று மாத்திரையை 9-க்கு 10 ஆகவும், இரண்டு மாத்திரையை 15-க்கு 16 ஆகவும் கொண்டால், துத்தம் 270, கைக்கிளை 300, உழை 320, இளி 360, விளரி 400 என அமையும். தாரம் 426-க்குச் சிறிது மேற்படும். மேற்குரல் சரியாக 480 ஆகும். இவற்றுட் குரலும் கைக்கிளையும் 4-க்கு 5 என்னும் எளிய விகிதத்தில் நிற்றலின், இரண்டும் ஒருங்கு ஒலிக்கும்போது செவிக்கு இழைந்து தோன்றும். அவ்வாறன்றி ஐந்தாம் நரம்பின் முறையையே இடையறாது பற்றிச் சென்றால் விளரி 405 ஆகவும், கைக்கிளை 303¾ ஆகவும் உயரும். அந்நிலையிற் கைக்கிளை குரலோடு இழையாது. ஆகவே முன்னோர் குறைத்த ஒரு மாத்திரை, பிறப்புமுறைக்கும் இசைவுக்கும் இடையே நின்ற வேறுபாட்டை நீக்கக் குறைத்ததேயாம்.

இவ்வேறுபாடு தமிழிசைக்கே உரிய இடர்ப்பாடன்று. ஒலியின் இயல்பிலேயே உள்ளது. ஐந்தாம் நரம்பைப் பன்னிருமுறை தொடர்ந்து ஏற்றிச் சென்றால், ஏழு தானம் கடந்து குரலுக்கே மீண்டு வருதல் வேண்டும் என எதிர்பார்ப்போம். ஆனால் மூன்றைப் பன்னிருமுறை பெருக்கினால் வருவது 5,31,441. இரண்டைப் பத்தொன்பது முறை பெருக்கினால் வருவது 5,24,288. இரண்டும் ஒன்றாதல் எக்காலத்தும் இல்லை. ஆகலின் வட்டம் மூடுவதில்லை. சிறிது மிகுதி எஞ்சும். அம்மிகுதியை எங்கே வைப்பது என்பதே உலகிலுள்ள இசைவாணர் அனைவரும் எதிர்ப்பட்ட வினா. சீனத்து அரசகுமாரர் சூ சாயூ என்பாரும், ஒல்லாந்து தேயத்துச் சைமன் இசுடெவின் என்பாரும் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அதனைப் பன்னிரண்டு இடத்தும் சமமாகப் பங்கிடும் கணக்கினைத் தனித்தனியே கண்டனர். பின்னாளில் ஐரோப்பியர் தம் கட்டைக் கருவிகளுக்கு அதனையே பொதுவாகக் கைக்கொண்டனர்.

தமிழ் யாழோர் அம்மிகுதியைச் சமமாகப் பங்கிட்டிலர். பாலை திரியுந்தோறும் நரம்பைத் திருத்தினர் என்றே கொள்ள வேண்டியுள்ளது. யாங்ஙனமெனின், குரல் குரலாகச் செம்பாலை பிறக்கும். துத்தம் குரலாகப் படுமலைப்பாலை பிறக்கும். இவ்வாறே கைக்கிளை முதலியன முறையே குரலாகச் செவ்வழி, அரும்பாலை, கோடி, விளரி, மேற்செம்பாலை என்பன பிறக்கும். படுமலைப்பாலையில் 270 அதிர்வுடைய துத்தமே குரலாகின்றது. அதற்குரிய இளி 405 ஆதல் வேண்டும். ஆனால் அவ்விடத்து யாழில் நிற்கும் விளரி நரம்போ 400 உடையது. குரலும் இளியும் பொருந்தாவிடிற் பாட்டு நிலைபெறாதாகலின், யாழாசிரியன் திவவினை இறுக்கி அந்நரம்பை ஒரு மாத்திரை ஏற்றியே தீர்தல் வேண்டும். யாழில் ஒரு நரம்புக்கு ஓர் ஒலியே உண்டு. வீணையிற்போல மெட்டின்மேல் நரம்பை இழுத்து ஒலியை வளைத்தற்கு அதன் அமைப்பு இடந்தருவதன்று. ஆகவே யாழின் பெருமை முழுவதும் மீட்டுவதற்கு முன்னர்ப் பண்ணுதலிலேயே அடங்கியிருந்தது.

இவ்வுண்மையை உளங்கொண்டு நோக்கின், தருமபுரத்து நிகழ்ச்சி மேலும் தெளிவுறும். திருவெருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் ஆளுடைய பிள்ளையாரை அடைந்து, பிள்ளையார் அருளிய பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பேறு பெற்றவர். அவர்தம் தாயாரின் ஊராகிய தருமபுரத்திற் சுற்றத்தார் சிலர், பதிகத்தின் சிறப்பு யாழால் விளைந்தது என மொழிந்தனர். அது கேட்டு வருந்திய பாணர் பிள்ளையாரை வேண்ட, யாழில் அடங்காத இசையமைந்த திருப்பதிகம் ஒன்றைப் பிள்ளையார் அருளினார். வாசிக்க முயன்று இயலாமையின் யாழை உடைக்கப் புகுந்த பாணரைத் தடுத்து, கருவியிற் கூடும் அளவுக்கு வாசிக்குமாறு பணித்தருளினார் என்பது பெரியபுராண வரலாறு. அப்பதிகத்தின் பண் யாழ்மூரி என வழங்கும். ஓதுவார் மரபில் அஃது அடாணா இராகத்திற் பாடப்படுகின்றது.

திருவருளின் செயலை அளவையால் முற்றும் அளந்துவிடல் இயலாது. ஆயினும் கருவியின் எல்லை யாது என்பதை இசைநூல் வழியே உணர்தல் தகும். ஏழு நரம்பும் ஓரளவிற் பண்ணப்பெற்று நிற்குங்கால், நரம்புக்கும் நரம்புக்கும் இடையே வழுக்கிச் செல்லும் மிடற்றிசையும், அளவு மாறி மாறி வரும் மிடற்றிசையும் யாழில் அகப்படா. மிடறு எல்லையற்றது, நரம்பு எல்லையுடையது. இதுவே அந்நிகழ்ச்சியால் இசையுலகுக்குப் புலப்படும் உண்மையாம்.

பிற்காலத்து யாழ் வழக்கொழிந்தது. ஆயினும் பாணர் மரபு பண்களைக் காத்துத் தந்தது. திருமுறை கண்ட காலத்தில், யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரைக் கொண்டே பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டது எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். முதல் இராசராசன் (985-1014) தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், அவர்களுடன் உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்தமை அக்கோயிற் கல்வெட்டால் அறியப்படும். இதற்கு முன்னரே, புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையிற் குடைவரையின் அருகே பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. எழுத்தமைதி கொண்டு அதனை 7-ஆம் நூற்றாண்டினது என்பர் பலர். உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனும் பரம மாகேசுவரனுமாகிய அரசன் ஒருவன் அதனைச் செய்வித்தான் என்பது அதன் முடிவுரை. அக்கல்வெட்டிற் சுர எழுத்துக்கள் உயிர் மாறி மாறி வருகின்றன. அவை சுருதி வேறுபாட்டைக் குறிப்பன என்பது ஆராய்ச்சியாளருள் ஒரு சாரார் கருத்து. சிவநெறி நின்ற அரசன் ஒருவன் இசையின் நுட்பத்தைக் கல்லில் நிறுத்தக் கருதினான் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமின்றி விளங்குகின்றது.

17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்து, எல்லா இராகங்களையும் ஒரு மேளத்திலேயே வாசித்தற்கு ஏற்ப 24 மெட்டுக்களை நிலையாக உடைய வீணை அமைந்தது. தானம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மெட்டு என்னும் கணக்கு அன்று முதல் நிலைபெற்றது. ஆயினும் அம்மெட்டுக்கள் மெழுகின்மேற் செவியே சான்றாகப் பதிக்கப்படுவன. அன்றியும் நரம்பை இழுத்து ஒலியை ஏற்ற வீணை வாசிப்போன் வல்லன். ஆகவே பன்னிரண்டு என்பது அங்கே இடத்தின் தொகையேயன்றி ஒலியின் தொகையன்று.

சிலப்பதிகாரத்தை உரையுடன் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1892-இல் வெளியிட்டபின், மறைந்து கிடந்த இம்மாத்திரைக் கணக்கு அறிஞர் கைக்கு எட்டியது. அதனைப் பற்றிப் பெருமுயற்சி செய்தவருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) ஆவர். அவர் கிறித்தவ சமயத்தவராயினும் தமிழிசையின்பால் வைத்த பற்றுக்கு எல்லை கூறல் அரிது. தம் செலவில் 1912-இல் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி மாநாடுகள் கூட்டினார். 1916-இற் பரோடாவில் நிகழ்ந்த இசை மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்துரைத்தார். 1917-இற் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ஐந்தாம் நரம்பை விகிதத்தால் தொடரின் வட்டம் மூடாது என்பதைக் கண்ட அவர், தானம் 24 சம சுருதிகளாகப் பகுக்கப்படுதலே பண்டைத் தமிழ் முறை எனவும், விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வொன்று குறைத்துப் பாடியமையாலே 22 என்னும் தொகை வந்தது எனவும் நிறுவ முயன்றார். குறைவு நிற்கும் இடம் அவ்விரு நரம்புகளே என்பதைக் கண்டுகொண்டது அவர்தம் கூர்மைக்குத் தக்க சான்றாம்.

ஆயினும் அவர் கொண்ட அளவு ஆராயற்பாலது. சமமாகப் பகுத்த பன்னிரண்டிற் கைக்கிளை 302.4 அதிர்வாகும். அதினின்று 24-இல் ஒரு கூறு குறைத்தால் 293.8 ஆகும். செவி விழையும் 300 இரண்டிடத்தும் அகப்படவில்லை. மற்று, 22 மாத்திரையையும் சமமெனக் கொள்வார்க்கும் இடர்ப்பாடு உண்டு. அவ்வாறு கொண்டால் இளி 360-இல் நில்லாது 361.5 ஆகிவிடும். ஆகவே மாத்திரை என்பது ஒத்த அளவுடைய துண்டு அன்று. நரம்புகளின் இடைவெளியைப் பெரிது, நடு, சிறிது எனத் தரம்பிரித்துக் காட்டும் எண்ணேயாம் எனக் கோடலே பொருத்தமுடைத்து.

பின்னர் இவ்வாராய்ச்சியைக் கணித வழியில் நடத்தியவர் ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892-1947) ஆவர். இராமகிருட்டிண சங்கத் துறவியாகிய அவர் அறிவியற் பட்டமும் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். அவர் பல்லாண்டு முயன்று இயற்றிய யாழ் நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களை உடையது. மாத்திரையை அலகு எனப் பெயரிட்டு, 22 அலகு என்னும் முறையையே போற்றி, அதனை விகித எண்களால் விளக்கினார். அந்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகி, 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. ஆளுடைய பிள்ளையார் ஓடம் செலுத்திய தலத்தில், அவர்தம் இசையை ஆய்ந்த நூல் அரங்கேறியது பொருத்தமே. அடுத்த திங்களிலேயே அடிகள் இறைவன் திருவடி எய்தினார். 1943-இற் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் 1949 முதற் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று.

இவ்வறிஞர்கள் ஏட்டில் வழக்காடிக்கொண்டிருந்த காலத்திலேயே, வழக்கின் முடிவைக் கேளாமல் ஆர்மோனியம் நாடெங்கும் புகுந்துவிட்டது. ஐரோப்பாவில் தோன்றிய அக்கருவி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்கத்தாவிற் கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்று, நாடக மேடை வழியாகத் தமிழ்நாட்டுப் பசனைக் கூடங்களையும் அடைந்தது. அதன் நாக்குகள் சமப்பங்கீட்டில் அமைந்தவை. அதிற் குரல் 240 ஆயின், இளி 359.6, கைக்கிளை 302.4, விளரி 403.6. இளியிற் பிழை மிகச் சிறிது. கைக்கிளையிலும் விளரியிலுமே பிழை பெரிது. முன்னோர் ஒரு மாத்திரை குறைத்த அவ்விரண்டு நரம்பையே ஆர்மோனியம் ஏற்றி நிறுத்துகின்றது. பாடுவோர் மிடறு விளரியை 400-இல் நிறுத்த, கருவி 403.6-இல் ஒலிக்குமாயின், விநாடிக்கு மூன்று நான்கு முறை ஒலி ஏறியிறங்கி நடுங்கும். அந்நடுக்கத்தைப் பொறாத மிடறு, நாளடைவில் தன்னையறியாமலே கருவியின் வழிப்பட்டுவிடும்.

இதுபற்றியே அகில இந்திய வானொலியார் 1940 மார்ச்சு முதல் ஆர்மோனியத்தை விலக்கினர். அவ்விலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது. விலக்கியதும் தளர்த்தியதும் பற்றி இருதிறத்தாரும் கூறிய காரணங்கள் பல. திருமுறை ஓதுவார்க்கு வேண்டுவது அவ்வழக்கன்று. கருவியை எவ்வளவிற் கொள்வது என்னும் தெளிவே.

அற்றேல், சிறிய பிழையை யார் அறிவார், பத்தி ஒன்றே போதாதோ எனின், கூறுதும். பத்திக்கு இறைவன் இரங்குவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் பண் என்பது ஒருவர்க்கே உரிய உடைமையன்று. மிடற்றினின்று செவிக்கும், செவியினின்று மிடற்றுக்கும் வழிவழி ஒப்படைக்கப்படும் வைப்பு நிதி. ஏட்டில் எழுதப்பட்ட சொல் செல்லரித்தாலும் மறுபடியைக் கொண்டு திருத்தலாம். இசையின் அளவோ கேட்டவர் நினைவிலன்றி வேறிடத்து இல்லை. ஒரு தலைமுறை ஓதுவார் கைக்கிளையைக் கருவியிற் கற்றுவிட்டால், அடுத்த தலைமுறை அதனைத் திருத்தக் கேட்கும் மிடறு இராது.

ஆகவே செயற்பாலது இது: குரலும் இளியும் ஒலிக்கும் சுருதிக்கு எக்கருவியும் ஏற்கும். தம்புரா சிறந்தது, சுருதிப்பெட்டியும் பழுதன்று, ஆர்மோனியத்தின் குரலும் இளியும்கூடப் பெருங்கேடு செய்யா. கேடு விளைவது, பாட்டின் ஒவ்வோர் இசையையும் கட்டையால் தொடர்ந்து வாசிக்கும்போதும், இளம் மாணவர்க்குக் கட்டையைத் தொட்டு நரம்பு காட்டிப் பயிற்றும்போதுமேயாம். பயிற்றுதல் ஆசிரியர் மிடற்றினின்றே நிகழ்தல் வேண்டும். ஒலிப்பதிவிற் கிடைக்கும் முதிய ஓதுவார்களின் பாட்டும் அதற்குத் துணையாகும்.

தருமபுரத்திற் பிள்ளையார் யாழை உடைக்க விடவில்லை. யாழுக்குள் பாட்டைச் சுருக்கவும் இல்லை. கருவியிற் கூடும் அளவுக்கு வாசிக்க என்றார். கருவியை வெறுத்தொதுக்குவார்க்கும் கருவிக்கே அடிமைப்படுவார்க்கும் ஒருங்கே உரிய விடை அதுவேயாம். அவ்வளவை அறிந்து பாடுவார்க்குப் பண் வாழும். பண் வாழின் திருமுறை அது தோன்றிய வண்ணமே வாழும்.

திருச்சிற்றம்பலம்